பொரிக்குத் துணை வேண்டும், ஆனால் இந்தப் பொங்கலுக்கு வேண்டாம்

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் உள்ள ஒரு கடற்கரை ஊரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஊர், பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிட்டேன். பிராணிகளின் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு வீட்டிலேயே தையல் வேலை. கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். மகள் ஏழாம் வகுப்பு. மகளுக்காக 2 வருடத்துக்கு முன்பு பொரி, சீனி என்று இரண்டு பெண் கினி பிக் குட்டிகள் (எலி இனத்தைச் சேர்ந்த, புல் தின்னும் சின்னச் செல்லப்பிராணி) வாங்கியிருக்கிறார்கள். போன கார்த்திகை மழையில் இரண்டுக்குமே நிமோனியா வந்து, சீனி இறந்துவிட்டது. பொரியை ராமநாதபுரத்தில் மருத்துவரிடம் காட்டிக் காப்பாற்றிவிட்டார்கள். மருந்து முடிந்து 8 நாள் ஆகிறது. தும்மல் நின்றுவிட்டது. ஆனால் பொரி கூண்டு மூலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. கீரைக்கட்டு பிரிக்கிற சத்தம் கேட்டால் முன்பு போல ஓடி வந்து கத்துவதில்லை. 830 கிராம் இருந்தது 670-க்கு இறங்கி, இப்போது 700-ல் நிற்கிறது.

மதுரையில் இருக்கும் நாத்தனார் பொங்கலுக்கு வரும்போது ஒரே ஈற்றில் பிறந்த 2 மாதக் குட்டிகள், ஒரு ஆணும் ஒரு பெண்ணும், கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். மகளுடைய பிறந்தநாளும் அதே வாரத்தில். அதுவரை பக்கத்து வீட்டு முயலைப் பகலில் பொரியோடு விடலாம் என்பது மாமியாரின் யோசனை. சளி பிடித்த உடம்புக்குக் கொய்யாவும் நெல்லிக்காயும் குளிர்ச்சி என்று அதையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். திரும்பச் சளி வந்தால் கொடுக்க அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் சிரப் வாங்கி வைத்துக்கொள்ளும்படி மருந்துக்கடைக்காரர் சொன்னாராம். “ஏக்கத்திலேயே செத்துப்போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது டாக்டர். குட்டிகளை வந்த அன்றைக்கே சேர்த்து விட்டுவிடலாமா?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

சகோதரி, நீங்கள் நினைப்பதில் பாதி முழுக்கச் சரி. கினி பிக் கூட்டமாக வாழும் பிராணி. கூடப் பிறந்ததோடு 2 வருடம் ஒட்டி உறங்கிவிட்டு இப்போது தனியாகக் கிடப்பது பொரிக்கு நிஜமான கஷ்டம். அதற்கு இன்னொரு கினி பிக் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எப்போது என்பதில்தான் உங்களோடு வேறுபடுகிறேன். அந்த நாளைக் குறிக்க வேண்டியது பொங்கலோ பிறந்தநாளோ இல்லை, பொரியின் எடை. தன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்த பிராணி அது. இன்னும் தேறிக்கொண்டுதான் இருக்கிறது. தும்மல் நின்றதை வைத்து நுரையீரல் ஆறிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஏக்கம் பற்றி ஒரு வார்த்தை. மூலையில் உட்காருவது, கத்தாமல் இருப்பது எல்லாம் துக்கமாக இருக்கலாம். ஆனால் வலியும் மூச்சுத் திணறலும் விட்டமின் சி குறைவும் வெளியே இதே மாதிரிதான் தெரியும். கினி பிக் தன் நோயை மறைக்கிற பிராணி. அதனால் ஏக்கம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் உடம்பைப் பார்த்துவிட வேண்டும். முன்னங்கால்களின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மூக்கு ஒழுகினால் அது முன்னங்காலால்தான் துடைத்துக்கொள்ளும். அந்த இடத்து முடி காய்ந்து சிக்குப் பிடித்திருந்தால் சளி இன்னும் போகவில்லை. ராத்திரி வீடு அடங்கியதும் விலாப்பக்கம் காதை வைத்துக் கேளுங்கள். கிளிக் கிளிக் என்றோ கரகரவென்றோ கேட்டால் மறுநாளே மருத்துவரிடம் போங்கள். வாயைத் திறந்து மூச்சு விட்டால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. கினி பிக் மூக்கால் மட்டுமே மூச்சு விடுகிற பிராணி. அது வாயைத் திறக்கிறது என்றால் அவசரம். அரை நாளுக்கு மேல் ஒன்றுமே சாப்பிடவில்லை என்றாலும் அவசரம்தான், அதன் குடல் அத்தனை நேரம் சும்மா இருக்கக் கூடாது.

முதலில் பொரி தேறட்டும்

மாமியாரின் பேச்சை நீங்கள் தட்ட முடியாது என்பது புரிகிறது. ஆனால் கொய்யா, நெல்லிக்காய் விஷயத்தில் மட்டும் என் பெயரைச் சொல்லியாவது அவரைச் சம்மதிக்க வையுங்கள். மனிதரைப் போலவே கினி பிக்குக்கும் உடம்பில் விட்டமின் சி தானாக உற்பத்தியாகாது, தினமும் சாப்பாட்டில் வந்தாக வேண்டும். நன்றாக இருக்கும்போது கிலோ எடைக்கு 10 முதல் 30 மில்லிகிராம் போதும். நோயில் 30 முதல் 50 வரை தேவைப்படும். அப்படிப் பார்த்தால் 700 கிராம் இருக்கும் பொரிக்கு இப்போது தினம் 21 முதல் 35 மில்லிகிராம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் மூட்டு வீங்கும், ஈறில் ரத்தம் கசியும், நடக்க வலிக்கும், நோய் எதிர்ப்பு குறையும். மூலையை விட்டு நகராமல் இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். நீங்கள் கொய்யாவை நிறுத்தியது, மருந்து அதிகமாகத் தேவைப்பட்ட நேரத்தில் மருந்தை நிறுத்திய மாதிரி ஆகிவிட்டது.

அப்போதைக்கப்போது நறுக்கிய கொய்யா, சுமார் 15 கிராம் எடையில் ஒரு துண்டு, இந்தத் தேவையை ஏறக்குறைய முழுசாகவே தந்துவிடும். நெல்லிக்காயில் சின்னச் சீவல், குடைமிளகாய் ஒரு துண்டு, கொஞ்சம் கொத்தமல்லி என்று மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். முருங்கைக்கீரையிலும் விட்டமின் சி உண்டு, ஆனால் சுண்ணாம்புச் சத்து அதிகம். சிறுநீர்ப் பையில் கல் விழும் வாய்ப்பு உள்ள பிராணி இது, அதனால் எப்போதாவது ஒரு கொத்து போதும். விட்டமின் சி சொட்டு மருந்து கொடுப்பதாக இருந்தால் அதைத் தண்ணீர்ப் பாட்டிலில் கலக்காதீர்கள். வெளிச்சத்திலும் காற்றிலும் விட்டமின் சி சீக்கிரம் வீணாகிவிடும், ருசி மாறினால் பொரி தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடும். நேராக வாயில்தான் விட வேண்டும். முயல் தீவனம் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முயலுக்கு விட்டமின் சி தனியாகத் தேவையில்லை என்பதால் அந்தத் தீவனத்தில் அதைச் சேர்ப்பதில்லை. அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

சாப்பாட்டில் பெரும்பங்கு புல்லாக இருக்க வேண்டும். நம் பக்கம் அருகம்புல் கிடைக்கிறது, மாட்டுக்குக் கோ-4 புல் போடுகிறவர்களிடம் ஒரு கட்டு கேட்டாலும் கொடுப்பார்கள். நாயும் ஆடும் திரிகிற இடத்தில் அறுத்ததாக இருந்தால் அலசி, நீர் வடியவிட்டுப் போடுங்கள். வைக்கோலை மட்டும் தின்று பொரியால் தேற முடியாது.

கணவரின் மீன் நிறுக்கும் தொங்கு தராசில் எடை பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பார்க்கிறீர்களே, அதற்கே நன்றி, பெரும்பாலானவர்கள் பார்ப்பதில்லை. ஆனால் நமக்கு வேண்டியது 10, 20 கிராம் வித்தியாசம். சமையலறையில் வைக்கிற சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். தினமும் ஒரே நேரத்தில், காலையில் சாப்பாடு போடுவதற்கு முன்னால், ஒரு டப்பாவில் உட்கார வைத்து நிறுத்து மகளை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தொடர்ந்து 2 வாரம் எடை இறங்காமல் ஏறிக்கொண்டே வர வேண்டும். 800-ஐ நெருங்க வேண்டும். முதுகைத் தடவினால் எலும்பு முடிச்சு முடிச்சாகக் கையில் தட்டக் கூடாது. அதன்பிறகு மருத்துவர் ஒருமுறை நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் பொரி புதுத் துணைக்குத் தயார்.

அமாக்சிசிலின் சிரப்பை வாங்கியிருந்தால் இன்றே வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள். பென்சிலின் வகை மருந்துகளும், அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், எரித்ரோமைசின் போன்றவையும் வாய் வழியாகப் போனால் கினி பிக்கின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்து, நச்சுக் கிருமிகளைப் பெருகவிடும். சில நாளில் வயிற்றுப்போக்கு வந்து இறந்துவிடும். குழந்தைக்குப் பழக்கமான மருந்துதானே என்று கொடுத்துப் பிராணியை இழந்தவர்கள் பலர். உங்கள் மருத்துவர் கொடுத்த என்ரோஃப்ளாக்சசின் சரியான தேர்வு. அதையும் மீதம் வைத்து நீங்களாகத் திரும்பக் கொடுக்க வேண்டாம்.

பக்கத்து வீட்டு முயல்

இது வேண்டவே வேண்டாம். போர்டெடெல்லா என்று ஒரு கிருமி இருக்கிறது. முயலின் மூக்கிலும் நாயின் தொண்டையிலும் எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கும். அதுவே கினி பிக்குக்குப் போனால் நிமோனியா. ஏற்கெனவே நுரையீரல் அடிபட்ட பொரியை முயலோடு விடுவது மிகப் பெரிய ஆபத்து. முயல் பின்னங்காலால் ஓங்கி ஒரு உதை விட்டால் கினி பிக்கின் எலும்பு முறியும் என்பது வேறு. அந்த முயல் மழைக்காலத்திலும் உங்கள் கொல்லையில் வந்து மேயும் என்று எழுதியிருக்கிறீர்கள். சீனிக்கு நோய் அதிலிருந்துதான் வந்தது என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. ஈரமான படுக்கை, மூத்திர நெடி, வாடைக்காற்று, விட்டமின் சி குறைவு, இதில் எதுவும் காரணமாக இருந்திருக்கலாம். உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள். இனிமேல் கொல்லையை முயலுக்கும் பொரிக்கும் பிரித்துவிடுங்கள், அது போதும். பக்கத்து வீட்டாரிடம் மனத்தாங்கல் இல்லாமல் பேசிவிட முடியும்.

நாத்தனார் கொண்டு வரும் ஜோடி

ஆணும் பெண்ணுமாக இருந்தால் ஜோடி என்று சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் பொரிக்கு 2 வயது, ஒருமுறைகூடக் குட்டி போட்டதில்லை. பெண் கினி பிக் 6, 7 மாத வயதுக்குள் முதல் குட்டி போடாவிட்டால் இடுப்பெலும்பு இணைகிற இடம் இறுகிப்போகும். அதன்பிறகு சினையானால் குட்டி வெளியே வர முடியாமல் தாய் இறந்துபோகும் ஆபத்து அதிகம். நோயிலிருந்து பிழைக்க வைத்துவிட்டு நாமே அந்த ஆபத்தில் தள்ளக் கூடாது. ஆணுக்கு அறுவை சிகிச்சை செய்யலாம். சின்னப் பிராணிகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவர் வேண்டும். மதுரையில் விசாரிக்கலாம், திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அறுவை செய்த பிறகும் 6 வாரம் வரை ஆணைப் பெண்ணிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும், அதுவரை சினையாக்கும் திறன் மிச்சம் இருக்கும். உங்கள் வீட்டு நிலைமைக்கு இது தேவையில்லாத சுமை என்பது என் கருத்து.

இன்னொரு விஷயம், உங்கள் நாத்தனாருக்கே இது தெரியாமல் இருக்கலாம். ஆண் குட்டி 3 வாரத்திலிருந்தே சினையாக்கக்கூடியது. பெண் குட்டி 4 வாரத்தில் பருவத்துக்கு வந்துவிடும். கூடப் பிறந்தது என்ற கணக்கெல்லாம் அவற்றுக்கு இல்லை. 2 மாதமாக ஒரே பெட்டியில் இருந்திருந்தால் அந்தப் பெண் குட்டி இப்போதே சினையாக இருக்க வாய்ப்பு உண்டு. சினைக் காலம் 59 முதல் 72 நாள். அதனால் நாத்தனாருக்கு இன்றே போன் செய்து இரண்டையும் உடனே பிரிக்கச் சொல்லுங்கள், ஆண் எது பெண் எது என்பதை ஒரு மருத்துவரிடம் காட்டி உறுதி செய்யச் சொல்லுங்கள். குட்டி வயதில் மாற்றிச் சொல்வது ரொம்பச் சகஜம்.

அப்படியானால் எதை வாங்கலாம்? இரண்டு பெண் குட்டிகள். ஒன்று போதாதா என்று கேட்பீர்கள். ஒன்றும் போதும்தான். ஆனால் வந்தவுடன் 3 வாரம் தனியாக வைக்கப் போகிறோம்; அந்த வயதில் ஒற்றைக் குட்டியைத் தனியாக வைப்பது பாவம். இரண்டாக இருந்தால் அவை ஒன்றுக்கொன்று துணை. கினி பிக்கின் ஆயுள் 5 முதல் 8 வருடம். நாளைக்குப் பொரி இல்லை என்றாலும் மிச்சம் இருப்பது தனியாகாது, உங்களுக்கும் இதே கவலை திரும்ப வராது. வளர்ந்த பெண் ஒன்று, குட்டிப் பெண்களை ஏற்றுக்கொள்வதும் மற்ற சேர்க்கைகளைவிடச் சுலபம். செலவும் இடமும் கட்டுப்படியாகாது என்றால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தப்பில்லை. கடையில் வாங்குவதாக இருந்தால், செல்லப்பிராணிக் கடைகளுக்கான 2018-ம் வருட விதிகளின்படி அந்தக் கடை மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

பொரியை நாத்தனாரிடமே அனுப்பிவிடலாமா என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இப்போது இருக்கிற உடம்போடு 100 கிலோமீட்டருக்கு மேல் பஸ் பயணமும் புது இடமும் அதற்குத் தாங்காது. அந்த யோசனையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

3 வாரம் தனி இடம்

புதுக் குட்டி பார்க்க எவ்வளவு துறுதுறுவென்று இருந்தாலும் குறைந்தது 21 நாள் வேறு அறையில் இருக்க வேண்டும். ஒரே அறையில் வேறு கூண்டு என்பது கணக்கில் வராது. தும்மலில் பறக்கிற நீர்த்துளி அங்கேயும் போகும். உங்கள் வீட்டில் தனி அறை இல்லையென்றால் அதே தெருவில் இருக்கும் தங்கை வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். தினமும் முதலில் பொரியின் வேலைகளை முடித்துவிட்டு அப்புறம்தான் குட்டிகளிடம் போக வேண்டும். திரும்பி வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, மேல் துணியும் மாற்றிக்கொள்ள வேண்டும். கிண்ணம், பாட்டில், துணி எதுவும் பொதுவாக இருக்கக் கூடாது.

இந்த நாட்களில் பார்க்க வேண்டியவை: தும்மல், கண்ணில் பீளை, இளகிய புழுக்கை, விடாத சொறிச்சல், பொடுகு மாதிரி உதிரும் தோல், வட்டமாக முடி கொட்டிய இடம். கடைசியாகச் சொன்னது படர்தாமரையாக இருந்தால் உங்கள் மகளுக்கும் ஒட்டிக்கொள்ளும். முதல் வாரத்திலேயே ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சொறிப்பூச்சி இருந்தால் எடைக்குத் தகுந்த அளவில் அவர் மருந்து தருவார். நாய்க்கு ஊற்றுகிற உண்ணி மருந்தை எடுத்து ஊற்றிவிடாதீர்கள்.

பொரி தேறுவதும் குட்டிகளின் தனி வாசமும் ஒரே சமயத்தில் நடக்கும் என்பதால் காலம் வீணாகாது. பொங்கலுக்கு வந்தால் தை மாதக் கடைசியிலோ மாசி ஆரம்பத்திலோ சேர்க்கலாம். நம் கடற்கரையில் அப்போது வெயில் ஏறியிருக்காது. பங்குனிக்குத் தள்ளிப் போடாதீர்கள், 28 டிகிரிக்கு மேல் போனாலே கினி பிக்குக்குச் சிரமம்; வெக்கையில் சண்டையும் அதிகமாகும்.

இதற்கிடையில் சீனி இருந்த கூண்டைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் காயப் போடுங்கள். 3 அடிக்கு 2 அடி என்று எழுதியிருக்கிறீர்கள், அது பொரி ஒன்றுக்கே பற்றாது. மூன்று பேருக்கு 5 அடிக்கு 3 அடியாவது வேண்டும். மேலே மூடி தேவையில்லை, ஓரம் 1½ அடி உயரம் இருந்தால் போதும். பூனை வரும் வீடாக இருந்தால் மட்டும் மூடுங்கள். கணவர் பழைய வலையை வைத்துக் கட்டித் தருவதாகச் சொன்னாராம். நைலான் இழையைக் கடித்து விழுங்கிவிடும், காலில் சுற்றினால் இறுகிக்கொள்ளும். அரை அங்குலக் கண் உள்ள இரும்பு வலையே பத்திரம்.

பொரியின் தனிமைக்கு இந்த 3 வாரமும் நீங்கள்தான் துணை. கூண்டை நீங்கள் தைக்கிற அறைக்குக் கொண்டு வந்து, மெஷினிலிருந்து கொஞ்சம் தள்ளி, காற்று நேராக அடிக்காத சுவரோரம் வையுங்கள். பக்கத்தில் ஆள் நடமாட்டம் இருந்தால் அதற்குத் தெம்பு வரும். கண்ணாடி வைத்தால் ஏமாந்து சந்தோஷப்படும் என்று சிலர் சொல்வார்கள், அதை நம்பாதீர்கள். வீட்டில் யாருக்காவது சளி இருந்தால் அவர்கள் தூக்க வேண்டாம்.

சேர்த்து வைக்கும் நாள்

அதற்கு முன்னால் 3, 4 நாள் இரும்பு வலைத் தடுப்புக்கு இருபுறமும் வைத்து வாசனை பழக விடுங்கள். பிறகு ஒரு சாயங்காலம், பொரி எப்போதும் உலவாத ஒரு தரையைக் கழுவித் துடைத்து, நடுவில் ஒரு குவியல் புல்லைப் போடுங்கள். ஒளிய இடம் வேண்டும். சாயம் போடாத பனையோலைப் பெட்டியில் இரண்டு பக்கமும் வாசல் வெட்டி வைத்தால் நல்லது. ஒரே வாசல் என்றால் உள்ளே மாட்டிக்கொண்ட குட்டி மிரண்டு கடிக்கும். மூன்றையும் ஒரே நேரத்தில் விட்டுவிட்டு 2, 3 மணி நேரம் பக்கத்திலேயே உட்காருங்கள்.

பொரி குட்டிகளை மோந்து பார்க்கும், துரத்தும், இடுப்பை ஆட்டிக்கொண்டு ர்ர்ர் என்று உறுமும், ஏறக்கூடச் செய்யும். குட்டிகள் கீச்சென்று கத்தும். இதெல்லாம் யார் பெரியவர் என்று முடிவு செய்கிற பேச்சு. இடையில் போய்ப் பிரித்தால் அந்தப் பேச்சு முடியாது, மறுநாள் முதலிலிருந்து ஆரம்பிக்கும். பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, முடி சிலிர்த்து, தலையை உயர்த்தி நேருக்கு நேர் நின்றால் ஒரு அட்டையை நடுவில் நீட்டுங்கள். கட்டிப் புரண்டாலோ ரத்தம் வந்தாலோ தடித்த துண்டைப் போட்டுப் பிரித்துவிடுங்கள். வெறும் கையை விட்டால் உங்களுக்குத்தான் கடி. அமைதியாகிச் சேர்ந்து புல் தின்ன ஆரம்பித்துவிட்டால், கழுவிய புதுக் கூண்டில் மூன்றையும் சேர்த்தே விடுங்கள். ராத்திரி பிரித்துக் காலையில் சேர்ப்பது வேண்டாம்.

அடுத்த 2 வாரம் பொரியின் எடை நோட்டை விடாதீர்கள். 50 கிராம் குறைந்தாலோ, குட்டிகளின் ஆட்டத்தில் அது சாப்பாட்டுக்கு வரத் தயங்கினாலோ, நடுவில் இரும்பு வலையை நிறுத்துங்கள். கடைசிவரை ஒத்துவராமல் போனாலும் வலைக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று வாழலாம். ஒன்றையொன்று பார்க்கவும் மோந்துகொள்ளவும் முடிகிற வரையில் பொரி தனியாக இல்லை.

மகளிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியும். பிறந்தநாளுக்கு அவளுக்கு அந்த டிஜிட்டல் தராசையும் நோட்டையும் கொடுத்து, எந்த நாளில் சேர்க்கலாம் என்பதை அவளையே எடையைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். 2 வாரத்துக்குப் பிறகும் எடை 700-லேயே நின்றால் பல்லையும் மூட்டையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். அப்போது அந்த நோட்டையும் மருத்துவரிடம் கொண்டு போங்கள்.